கற்றரக்ட் ஒப்பரேசனுக்குப் பிறகு கண் திரும்ப மங்குவது: "ஒளி மருந்து" பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவின் வலது கண்ணுக்குக் கற்றரக்ட் (கண்புரை) ஒப்பரேசன் முடிந்து இரண்டரை வருடம் இருக்கும். ஒரு நாள் காலை விறாந்தையில் இருந்து உதயன் பேப்பரின் மரண அறிவித்தல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்து, திரும்பப் போட்டு, திரும்பவும் கழற்றித் துடைத்துவிட்டு, "தம்பி, கண்ணாடி ஊத்தையோ கண் ஊத்தையோ தெரியேல்லை" என்றார். ஊத்தை கண்ணாடியில் இல்லை.

அதற்குள் கனடாவில் இருக்கும் மச்சாள் ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பிவிட்டார். ஒளி பட்டதும் வேலை செய்கிற மருந்து ஒன்று வந்துவிட்டதாம், இனி இந்த மங்கலே வராதாம், மாமியை லேசருக்குக் கொண்டுபோகாதேங்கோ என்று. நான் டொக்டர் இல்லை, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஆனாலும் அன்றிலிருந்து இதைப் பற்றி வாசித்துக்கொண்டே இருந்ததால், ஒழுங்கையில் யாருக்காவது கண் மங்கினால் முதலில் என்னிடம்தான் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

எடுத்த கற்றரக்ட் திரும்ப வருமா?

வராது. இதை முதலில் விளங்கிக்கொண்டால் மிச்சம் சுகம்.

எங்கள் ஊர் முந்திரிகைப் (திராட்சை) பந்தலில் இருந்து ஒரு பழத்தைப் பிடுங்கி, அதுதான் கண்ணுக்குள் இயற்கையாக இருக்கிற வில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் தோலில் வட்டமாக ஒரு சின்ன வாசல் வெட்டி, உள்ளே இருக்கிற சதையை எல்லாம் உறிஞ்சி எடுத்து, வெறும் தோலை மட்டும் கிழியாமல் விட்டு, அந்தத் தோலுக்குள் ஒரு பிளாஸ்டிக் வில்லையை மடித்து நுழைத்து விரியவிடுகிறார்கள். ஒப்பரேசன் இவ்வளவுதான். மங்கிப்போன சதைதான் கற்றரக்ட், அது போய்விட்டது. உள்ளே வைத்த லென்ஸ் பிளாஸ்டிக், அதற்குக் கற்றரக்ட் வராது. ஆனால் தோல் உங்களுடையது, உயிருள்ள கண்ணின் ஒரு பகுதி. பிறகு மங்குவது அந்தத் தோலின் பின்பக்கம். அதனால்தான் "இரண்டாம் கற்றரக்ட்" என்கிற பேச்சே பிழை. பின்னுறை மங்கல் என்றால் சரியாக இருக்கும். மேலை மருத்துவத்தை அமெரிக்க மிசன் டொக்டர் கிறீன் 19 ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் தமிழில் படிப்பித்த ஊர் இது, ஒரு சொல் உண்டாக்க நாங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்?

வெறும் தோல் எப்படி மங்கும்?

தோலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற கலங்களால். எவ்வளவு கெட்டித்தனமான டொக்டர் கழுவித் துடைத்தாலும் அந்தத் தோலின், அதாவது வில்லைப் பையின், விளிம்போரம் கொஞ்சக் கலங்கள் தப்பிவிடும். தோட்டம் செய்கிறவர்களுக்குக் கோரைக்கிழங்கைச் சொன்னால் போதும். மேலே எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு வெங்காயம் வைப்பீர்கள், மண்ணுக்குள் ஒரு சின்னக் கிழங்கு மிஞ்சியிருக்கும், மாதம் இரண்டு போனதும் பாத்தி முழுக்கத் தலை காட்டும்.

பின்தோலில் பிறப்பிலேயே கலங்கள் கிடையாது, அதனால்தான் அது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது. விளிம்பில் தப்பிய கலங்கள் அந்த வெறும் நிலத்துக்கு ஊர்ந்து வருகின்றன. சில கலங்கள் வீங்கி உருண்டு, பாயாசத்தில் வெந்த சவ்வரிசி மாதிரிக் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். அம்மாவின் கண்ணைக் காட்டிய திரையில் நான் பார்த்ததும் அதைத்தான், பார்த்ததும் எனக்குச் சவ்வரிசிதான் ஞாபகம் வந்தது. வேறு சில கலங்கள் நார் மாதிரி மாறித் தோலைச் சுருக்கிவிடும். இரண்டும் கண்மணிக்கு நேரே வந்தால்தான் பார்வை கெடும். ஓரத்தில் கிடந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

எத்தனை பேருக்கு இது வரும்?

1998 இல், அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, ஒரு வருடத்தில் 12 சதவீதம், மூன்று வருடத்தில் 21 சதவீதம், ஐந்து வருடத்தில் 28 சதவீதம் என்று வந்தது. அது பழைய லென்ஸ்களும் கலந்த கணக்கு, இப்போது வைக்கிற லென்ஸ்களில் குறைவு. வயது குறையக் குறையக் கலங்களுக்கு வேகம் கூட. சின்னப் பிள்ளைகளுக்குச் செய்தால் கிட்டத்தட்ட எல்லோருக்குமே வரும் என்பதால், அவர்களுக்கு ஒப்பரேசன் நேரத்திலேயே பின்தோலிலும் வாசல் வைத்துவிடுவார்கள். கண்ணுக்குள் அழற்சி இருந்தவர்களுக்கும் வாய்ப்புக் கூட.

சரி, ஒளியால் வேலை செய்கிற மருந்து என்றால் என்ன?

தேசிக்காய் பிழிந்த கையோடு உச்சி வெயிலில் நின்று கை கறுத்துக் கொப்பளித்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். நிழலில் இருந்தால் தேசிக்காய்ப் புளி ஒன்றும் செய்யாது, தேசிக்காய் படாத கையை அந்த நேர வெயில் அப்படிச் சுடாது. இரண்டும் சேர்ந்தால்தான் காயம். வேதியியல் வேறு வேறு என்றாலும் யோசனை இதுதான்: தன்பாட்டில் சும்மா கிடக்கிற ஒரு சாயம், அதற்குப் பொருத்தமான நிறத்தில் ஒளி பட்டால் மட்டும் நஞ்சாக மாறுவது.

சாயத்தைக் கலங்கள் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஒளி அடித்தால், சாயம் அந்தச் சக்தியைப் பக்கத்தில் இருக்கிற ஒட்சிசனுக்குக் கொடுக்கும், அந்த ஒட்சிசன் வெறிபிடித்து எதிர்ப்பட்டதை எல்லாம் கடித்துக் கலத்தைக் கொன்றுவிடும். வெறி நீண்ட நேரம் நிற்காது, அது பிறந்த இடத்தைவிட்டு ஒரு கலத்தின் அகலத்தைக்கூடத் தாண்டுவதில்லை. ஆகவே ஒளி பட்ட இடம் மட்டும், சாயம் ஏறிய கலம் மட்டும் சாகும். ஒப்பரேசன் மேசையிலேயே பைக்குள் சாயத்தை விட்டு, கழுவி, ஒளி அடித்து, விளிம்பில் தப்பிய கலங்களைத் தீர்த்துவிட்டால் கோரை முளைக்காதே என்பதுதான் கனவு.

இது கற்பனையும் இல்லை. இதே முறையில் விழித்திரைக்கு ஒரு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. வெர்டிபோர்பின் என்று பெயர், 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கை நரம்பில் ஏற்றிவிட்டு, கண்ணுக்குள் 689 நனோமீற்றர் சிவப்பு ஒளியை 83 செக்கன் அடிப்பார்கள். வயதானவர்களின் விழித்திரையில் கசிகிற இரத்தக் குழாய்களை அடைக்க அது. ஏற்றிய பிறகு சில நாட்களுக்கு வெயிலில் தலை காட்டக்கூடாது, உடம்பு முழுக்கச் சாயம் ஓடுகிறதே. பங்குனி சித்திரையில் யாழ்ப்பாணத்தில் அதை எப்படிக் கடைப்பிடிப்பது என்று எனக்குத் தெரியாது.

சூடாக்கிக் கொல்கிற முறை என்று இன்னொன்றும் சொல்கிறார்களே?

அது லென்ஸுக்கே பூச்சுப் போடுகிற யோசனை. லென்ஸின் நடுவில் தொடமாட்டார்கள், பார்வை போகிற வழி அது. சுற்றி ஓரத்தில் மட்டும் வளையமாக நுண்ணிய தங்கத் துகள், இல்லாவிட்டால் அதைப்போல ஒளியைக் குடிக்கிற வேறு பொருள். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, பெரும்பாலும் 808 நனோமீற்றர், அடித்தால் அந்த வளையம் சூடேறி, அதைத் தொட்டுக்கொண்டு ஊர்ந்து வருகிற கலங்கள் செத்துப்போகும். சீனாவில் முயல்களில் செய்து காட்டியிருக்கிறார்கள், படங்கள் நன்றாகவே இருக்கின்றன. சாய முறையைவிட இதில் எனக்கு ஒரு கவர்ச்சி உண்டு. ஒரு தரம் அடித்துப் போதாவிட்டால் பிறகும் அடிக்கலாம், லென்ஸ் உள்ளேதானே இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் எங்கே செய்கிறார்கள்? கொழும்பில்? சென்னையில்?

எங்கேயும் இல்லை. பின்னுறை மங்கலைத் தடுப்பதற்கு ஒளி மருந்து எதுவும் வழமையான சிகிச்சையாக எந்த ஊரிலும் கொடுக்கப்படுவதில்லை, மச்சாள் இருக்கிற கனடாவிலும்தான். காசு வாங்கிக்கொண்டு அப்படி ஒன்று செய்வதாக யாராவது சொன்னால், அது என்ன மருந்து, என்ன பெயர் என்று ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கதை மாறிவிடும்.

முயலில் சரிவந்தது மனிதருக்கு ஏன் இன்னும் வரவில்லை?

நானும் வாசிக்கத் தொடங்கியபோது கம்பனிக்காரரின் சதி என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை, விஷயமே கடினம்.

கொல்ல வேண்டிய கலங்கள் இருக்கிற இடத்தைப் பாருங்கள். அவை பையின் விளிம்பில், கருவிழியின் நிறத்தட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. கண்மணியை எவ்வளவு விரித்தாலும் நேரே பார்த்து ஒளி அடிக்க முடியாத மூலை அது. சுவருக்குப் பின்னால் இருக்கிறவனுக்கு டோர்ச் அடிக்கிற மாதிரி. ஒளி பற்றாவிட்டால் கொஞ்சம் தப்பும், கொஞ்சம் தப்பினால் கோரை திரும்பவும் முளைக்கும். கூட்டி அடிப்போம் என்றால், அந்தச் சூடும் கசிந்த சாயமும் பக்கத்தில் இருப்பவர்களைத் தொடும். பக்கத்தில் யார்? முன்னால் கோர்னியா, கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கிற தெளிவான சவ்வு. அதன் உட்பக்கத்தில் ஒரே ஒரு வரிசைக் கலங்கள் தண்ணீரை இறைத்து இறைத்துக் கோர்னியாவைத் தெளிவாக வைத்திருக்கின்றன, மனிதரில் அவை செத்தால் அந்த இடத்துக்குப் புதிது பிறக்காது. அவை குறைந்துபோனால் கோர்னியா ஊதி வெளுக்கும். பிறகு தானம் கிடைக்கிற கோர்னியாவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். சின்ன மங்கலைத் தடுக்கப் போய்ப் பெரிய மங்கலை விலைக்கு வாங்குவதா?

முயல் இன்னொரு சிக்கல். முயலின் கலங்களுக்கு ஆவேசம் கூட, சில கிழமைகளிலேயே பின்தோல் மங்கிவிடும், அதனால் பரிசோதனைக்கு வசதி. மனிதருக்கு மங்க வருடக் கணக்காகும். ஆகவே மருந்து சரிவந்ததா என்று அறியவும் அத்தனை வருடம் காத்திருக்க வேண்டும். அதுவும் நல்லாயிருக்கிற கண்களில், மங்கல் வரவே வராமல் போயிருக்கக்கூடிய ஆட்களில் செய்து பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்கவைத்தது வேறொன்று. ஒரு கலமும் மிஞ்சாமல் அழிப்பது நல்லதா என்பதே சந்தேகம். ஒப்பரேசன் செய்து பல வருடங்கள் கழித்து, பை பளிங்கு மாதிரித் தெளிவாக, ஒரு கலமும் இல்லாமல், ஆனால் துவண்டுபோய், லென்ஸைப் பிடித்துக்கொள்ள வலுவில்லாமல் லென்ஸே கீழே சரிந்துவிடுகிற ஆட்களை டொக்டர்மார் பார்த்திருக்கிறார்கள். "செத்த பை" என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வயல் வரம்பில் புல்லை முழுக்கச் செதுக்கிவிட்டு மாரி மழைக்கு வரம்பு கரைந்துபோவதைக் கண்டவர்களுக்கு இது புதினமாக இராது. அந்தப் புல்லின் வேர்தானே மண்ணைப் பிடித்துவைத்திருந்தது.

அப்படியென்றால் மச்சாள் அனுப்பியது முழுப் பொய்யா?

பொய் இல்லை, மூன்று கதையை ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியது. செய்தியில் இருந்த படம், ஒளியால் பவர் மாற்றக்கூடிய லென்ஸினுடையது. அதற்கு அமெரிக்காவில் 2017 நவம்பரில் அனுமதி கிடைத்தது. உள்ளே வைத்த பிறகு புற ஊதா ஒளியை அடித்து லென்ஸின் வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி, சரியாக வந்ததும் இன்னொரு அடியில் பூட்டிவிடுவார்கள். அதுவரை விசேட கண்ணாடி போட்டுக்கொண்டுதான் திரிய வேண்டும், இல்லாவிட்டால் வெயிலே லென்ஸைத் திருத்திவிடும். அருமையான சாமான், ஆனால் அதற்கும் பின்தோல் மங்குவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எழுத்தில் இருந்தது முயல் ஆய்வு. "லேசர் செய்யாதேங்கோ" என்பது யாரோ சேர்த்த தாளிதம்.

லேசரும் ஒளிதானே, அது என்ன செய்கிறது?

ஒளிதான், மருந்து கிடையாது. யாக் லேசர் என்பார்கள். 1064 நனோமீற்றர், கண்ணுக்குத் தெரியாது, குறி பார்க்க ஒரு சிவப்புப் புள்ளி கூடவே வரும். ஒரு செக்கனின் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்குள் அடிக்கிற அடியில், குவிகிற புள்ளியில் மட்டும் ஒரு நுண்ணிய வெடிப்பு நடந்து தோல் கிழியும். அப்படிப் பல புள்ளிகளாக அடித்து, மங்கிய பின்தோலின் நடுவில் மூன்று நான்கு மில்லிமீற்றருக்கு ஒரு யன்னல் திறந்துவிடுகிறார்கள். அந்தத் தோலின் தடிப்பு தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒன்றுகூட இல்லை. 1980ஐ ஒட்டி பாரிஸிலும் சுவிற்சர்லாந்திலும் இது கண் வைத்தியத்துக்கு வருமுன்னர், மங்கிய தோலைக் கிழிக்கத் திரும்பவும் கண்ணுக்குள் ஊசியோ கத்தியோ போக வேண்டியிருந்தது.

நோகுமா?

இல்லை. அம்மாவுக்கு முதலில் கண்மணி விரியத் துளி மருந்து விட்டார்கள், அரை மணித்தியாலத்துக்கு மேல் வாங்கில் இருக்கவைத்தார்கள், பிறகு விறைக்கிற மருந்து. நாடியைத் தாங்கியில் வைத்து, கண்ணில் ஒரு சின்ன வில்லையைப் பிடித்து, "அம்மா, ஆடாமல் இருங்கோ" என்றார் டொக்டர். டிக், டிக் என்று சத்தம், நான் இருபது வரை எண்ணினேன், அதற்குள் முடிந்துவிட்டது. வெளியே வந்து "இவ்வளவுதானோ, நான் நேற்றிரவு முழுக்க நித்திரை கொள்ளேல்லை" என்று என்னைப் பேசினார், நான்தான் பயப்படுத்தினேன் போல.

அன்றைக்கு மங்கலாகத்தான் தெரியும், கண்மணி விரிந்திருக்கிறதே. அடுத்த நாள் காலை பேப்பரைக் கையில் எடுத்தவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

ஆபத்து ஒன்றும் இல்லையா?

இருக்கிறது, குறைவு. சில மணித்தியாலங்களுக்குக் கண் பிரஷர் ஏறலாம், அதற்குத் துளி விடுவார்கள். விழித்திரையின் நடுப்பகுதி வீங்கலாம். லென்ஸில் சின்னப் பொட்டுகள் விழலாம், பெரும்பாலும் பார்வைக்குத் தெரியாது. பயப்பட வேண்டியது விழித்திரை கழன்றுபோவது. அரிது, கிட்டப்பார்வை கூடியவர்களுக்கு வாய்ப்புச் சற்றுக் கூட. லேசருக்குப் பிறகு ஒன்றிரண்டு புள்ளி மிதப்பது வழமை, கிழிந்த தோலின் துகள்கள் அவை. திடீரென்று ஒரு கும்பலாகப் புள்ளிகள் பறந்தால், மின்னல் வெட்டினால், ஓரத்திலிருந்து திரை இழுத்த மாதிரி இருட்டினால், அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்கவேண்டாம். அன்றைக்கே போங்கள், இரவென்றாலும்.

லேசர் செய்த இடம் திரும்ப மூடுமா?

பெரியவர்களுக்கு மிக அரிது.

அப்ப முன்கூட்டியே தடுக்க இப்போதைக்கு ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது, ஒளி இல்லாமலே. லென்ஸின் பின்விளிம்பை உருட்டாகச் செய்யாமல் சதுரமாக, கூராக வெட்டினால் அது பின்தோலை இறுக்கி மடித்துப் பிடிக்கும், ஊர்ந்து வருகிற கலம் அந்த மடிப்பில் முட்டி நின்றுவிடும். இது 1990களில் தற்செயலாகவே தெரியவந்தது என்பதுதான் வேடிக்கை, வேறு காரணத்துக்காகச் செய்த லென்ஸில் மங்கல் குறைந்திருந்ததைக் கண்டு பிறகுதான் ஏன் என்று தேடினார்கள். நல்ல கதியால் வேலி மாதிரி, ஆனால் எந்த வேலியிலும் ஒரு பொட்டு, நுழைகிற ஓட்டை, இருக்குமே. லென்ஸைப் பைக்குள் பிடித்து நிறுத்துகிற கால் பொருந்துகிற இடத்தில் அந்த விளிம்பு முறிகிறது, கலங்கள் அந்தப் பொட்டுக்குள்ளால்தான் நுழையும். முன்தோலில் வெட்டுகிற வட்டம் லென்ஸின் ஓரத்தைச் சுற்றிவர மூடியிருந்தால் வேலி இன்னும் இறுகும். அது டொக்டரின் கைவண்ணம்.

உங்கள் கையில் இருப்பது, எந்த லென்ஸ் வைக்கப்போகிறார்கள், விளிம்பு சதுரமா என்று ஒப்பரேசனுக்கு முன் கேட்பது. வைத்த லென்ஸின் பெயர் ஒட்டிய துண்டைக் கிளினிக் கொப்பியில் பத்திரமாக வைத்திருங்கள். எங்கள் வீட்டில் அது இரண்டு இடப்பெயர்வு கண்ட காணி உறுதியோடு ஒரே பைக்குள் இருக்கிறது.

பொன்னாங்காணி, முருங்கை இலை, கரட், வெயில் கண்ணாடி?

சாப்பிடுங்கள், போடுங்கள், நல்லது. பின்தோல் மங்குவதை இவை எதுவும் தடுக்காது. தேனும் வெங்காயச் சாறும் கண்ணில் விடவேண்டாம், தயவுசெய்து.

ஒப்பரேசன் செய்த கண் மங்கினால் அது இதுதான் என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இதில் நான் சூடுபட்டவன். அம்மாவை முதலில் ஒரு கண்ணாடிக் கடைக்குத்தான் கொண்டுபோனேன், புதுக் கண்ணாடி எழுதித் தந்தார்கள், சரிவரவில்லை, இரண்டு மாதம் கழித்து இன்னொன்றும் எழுதித் தந்தார்கள். கண்மணியை விரித்துப் பின்னால் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு கண்ணாடியும் லாச்சிக்குள் கிடக்கின்றன. சீனி வருத்தத்தால் விழித்திரை பழுதாகியிருக்கலாம், குளுக்கோமாவாக இருக்கலாம், வயதால் விழித்திரை நடு தேய்ந்திருக்கலாம். அவற்றுக்கு யாக் லேசர் ஒன்றும் செய்யாது, சில வேளை பிந்தினால் பிறகு ஒன்றுமே செய்ய முடியாது. யாழ் போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்கிலோ வேறு கண் டொக்டரிடமோ விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வரிசை நீளம்தான், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

ஒளி மருந்து வரும்வரை லேசரைத் தள்ளிப்போட்டால் என்ன?

இதைக் கேட்டவர் எங்கள் பெரியப்பா, 78 வயது. அந்த மருந்துகள் எல்லாம் மங்கல் வராமல் தடுப்பதற்கு, அதுவும் பெரும்பாலும் ஒப்பரேசன் மேசையில் வைத்தே. ஏற்கெனவே மங்கிய தோலைத் தெளிவாக்க இல்லை. ஆகவே அவர் காத்திருந்தாலும் அவருடைய கண்ணுக்கு அந்த பஸ் நிற்காது. மங்கல் குறைவாக இருந்து, வாசிப்பும் படியிறக்கமும் பழுதில்லை என்றால் அவசரப்படத் தேவையில்லை, டொக்டரே பொறுப்போம் என்பார். அது வேறு. ஒப்பரேசன் முடிந்த சில மாதங்களுக்குள் லேசர் செய்ய அவர்களும் விரும்புவதில்லை.

பெரியப்பா போன கிழமை போய்ச் செய்துகொண்டு வந்தார். அம்மாவின் இடது கண்ணுக்கு வருகிற மாதம் ஒப்பரேசன், சதுர விளிம்பா என்று கேட்க வேண்டியதை அம்மாவே கொப்பியின் பின் மட்டையில் எழுதிவைத்திருக்கிறார், வலது கண்ணால் பார்த்து.